உப்பும் தாகமும் இரத்த அமுக்கமும்

ஊவா மாகாணத்துக்குச் சிறுநீரக நோய் புதிதன்று. பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டே, காரணம் இன்னும் முற்றாகத் துலங்காத நீடித்த சிறுநீரக நோய் பரவிய இடங்களுள் ஒன்று. மலைத் தோட்டங்களில் வாழ்வோரையும் நீரிழிவும் உயர் இரத்த அமுக்கமும் இந்நோயில் தள்ளுகின்றன. சிறுநீரகம் செயலிழந்த பின்னர், வாரத்தில் இரண்டு மூன்று முறை இயந்திரத்தினால் இரத்தத்தைச் சுத்திகரிப்பதே பலருக்கு வழி.

இச்சிகிச்சை ஏறத்தாழ 4 மணி நேரம் நடைபெறும். இடையில் சிலருக்குக் கண் இருளும், வியர்க்கும், குமட்டும், கெண்டைக்கால் பிடித்திழுக்கும். இயந்திரம் இரத்தத்தைக் குடித்துவிட்டதென வீட்டார் அஞ்சுவர். உண்மை அதுவன்று. வீழ்ந்தது இரத்த அமுக்கம்.

ஊற்றுச் சுரப்பதினும் விரைவாக இறைத்தால் கிணறு வறளுமன்றோ? உடலில் தேங்கிய நீர் தசைகளிலிருந்து இரத்தத்துக்கு மெல்லவே ஊறி வருகிறது. இயந்திரமோ இரத்தத்திலிருந்தே நீரை எடுக்கிறது. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிலீற்றருக்கு மேல் எடுப்பது நன்றன்று என்பர் வைத்தியர். 60 கிலோ எடையுள்ளவருக்கு 4 மணி நேரத்தில் இது 3 லீற்றரளவே. ஐந்து லீற்றரைச் சேர்த்துக்கொண்டு வருபவருக்கு என் செய்வது? அமுக்கம் வீழ்ந்தால் சிகிச்சையை இடையில் நிறுத்த நேரும். எஞ்சிய நீர் அடுத்த முறைக்குச் சுமையாகும். அடிக்கடி வீழ்ந்தால் இதயமும் மூளையும் தாக்குறும். கையிலுள்ள இரத்தக்குழாய் இணைப்பும் உறைந்து அடைபடலாம்.

ஆகவே தடுப்பு தொடங்குமிடம் நமது அடுக்களை. ஏறத்தாழ 8 கிராம் உப்பு ஒரு லீற்றர் நீரை உடலில் நிறுத்தும். கருவாடும் ஊறுகாயும் உப்புக் கூடிய சம்பலும் தாகத்தை மூட்டிய பிறகு, நீரைக் குடியாதே என நோயாளியைக் கண்டிப்பதில் பயனில்லை. முதலில் உப்பைக் குறைக்க வேண்டும். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை நாடலாகாது. அதிலுள்ள பொட்டாசியம் இவர்களுக்கு ஆபத்தாகலாம்.

சிகிச்சை நாளில் இரத்த அமுக்க மாத்திரையை எப்போது விழுங்குவதென வைத்தியரிடம் கேட்டறிக. தாமாக நிறுத்துதல் தவறு. இயந்திரத்தில் இருக்கும்போது வயிறு நிறைய உண்பதும் அமுக்கத்தைத் தாழ்த்தும். குளிர்கிறதென நோயாளி முறையிடலாம். அமுக்கத்தைக் காப்பதற்காகவே சிலருக்குத் திரவத்தின் வெப்பத்தை 36 பாகையளவுக்குத் தணிப்பதுண்டு. கொட்டாவியோ தலைச்சுற்றோ தோன்றிய கணமே தாதியிடம் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைப்போரே மிகுதி.

முடிந்ததும் சட்டென எழலாகாது. சற்று நேரம் அமர்ந்து, அமுக்கத்தை மீண்டும் அளந்த பின்னரே புறப்படுக. பசறை, லுணுகலைப் பக்கம் திரும்புவோருக்கு வளைவுகள் பல. துணைக்கு வருபவர் பஸ்ஸில் முன்கூட்டியே ஓர் ஆசனம் பிடித்து வைப்பது நன்று.