பழைய லோடு வண்டி சூடாகுதா? "இன்ஜின் இறக்கணும்"னு தலையாட்டுறதுக்கு முன்னாடி 5 செக்கிங்



நீங்க மாசச் சம்பளத்துல இருப்பீங்க, ஊர்ல அப்பாவோ அண்ணனோ பழைய லோடு வண்டி ஓட்டுவாங்க. வண்டி சூடாகி நின்னா அந்த பில் உங்க அக்கவுண்ட்டுக்குத்தான் வரும். அதனால விலை கம்மியான சந்தேகத்துல இருந்து ஆரம்பிச்சு, வரிசையா பார்க்கணும்.

முதல்ல ஒண்ணு: முள் ஏறினதும் வண்டியை ஓரம்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணணும். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ள அழுத்தத்துல இருக்கிற கொதிநீர் முகத்துல அடிக்கும்.

1. கூலன்ட் அளவு, ஒழுகல்: ஆறினதும் பாருங்க. ஹோஸ், கிளிப், வாட்டர் பம்ப் அடியில ஈரம் இருக்கா? வெறும் தண்ணி ஊத்தி ஓட்டினா உள்ள துரு பிடிக்கும்.

2. ரேடியேட்டர் மூடி: ரப்பர் தேஞ்சா அழுத்தம் நிக்காது, கூலன்ட் சீக்கிரமே கொதிக்கும். சில நூறு ரூபாயில முடியுற வேலை.

3. ஃபேன், பெல்ட்: டிராஃபிக்ல மட்டும் சூடேறி, ஓட்டத்துல இறங்குதா? முதல் சந்தேகம் இங்கதான்.

4. தெர்மோஸ்டாட்: முள் மேல போயும் ரேடியேட்டருக்குப் போற ஹோஸ் ஜில்லுனு இருந்தா, அது மூடியே மாட்டியிருக்கலாம். மாத்துங்க, கழட்டிப் போட்டு ஓட்டாதீங்க. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராம டீசல்தான் வீணாகும்.

5. ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப்: லோடோட மேடு ஏறும்போது சூடானா இதைப் பாருங்க.

இதெல்லாம் சரியா இருந்து, கூலன்ட் குறைஞ்சுக்கிட்டே போகுது, வெள்ளைப் புகை வருது, ஆயில் பால் கலந்த மாதிரி இருக்குன்னா ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போதான் பெரிய செலவுக்கு ரெடியாகணும்.

இப்போ பணக் கணக்கு

இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா? சாதாரண மோட்டார் பாலிசியில தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன் ரெண்டுமே கவர் ஆகாது. சூடான வண்டியை அப்படியே ஓட்டி இன்ஜின் ஜாம் ஆனாலும் கிளெய்ம் கிடைக்கிறது கஷ்டம்.

வரியில கழிக்கலாமா? உத்தேச வருமான முறையில கணக்கு காட்டினா, 12 டன்னுக்கு மேற்படாத வண்டிக்கு மாசம் குறைஞ்சது ₹7,500 வருமானம்னு எடுத்துக்குவாங்க. ரிப்பேர் செலவு அதுக்குள்ளேயே அடங்கிடும், தனியா கழிக்க முடியாது.

ஆக, முழுச் செலவும் கையில இருந்துதான். இதுக்கு கிரெடிட் கார்டைத் தேய்ச்சு மினிமம் டியூ மட்டும் கட்டினா, வட்டி ரிப்பேரை விட வலிக்கும். வண்டி வருமானத்துல மாசாமாசம் கொஞ்சம் தனி ஆர்டியில போடுங்க. அதுதான் வண்டியோட எமர்ஜென்சி ஃபண்ட்.

எஸ்டிமேட் வந்தா மெக்கானிக்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "அண்ணே, இதுல எதையெல்லாம் செக் பண்ணிட்டு இந்த முடிவுக்கு வந்தீங்க?" பதில் தெளிவா இருந்தா மட்டும் ஓகே சொல்லுங்க.

இந்த லிஸ்டை வண்டி ஓட்டுற வீட்டுக்காரங்களுக்கு அனுப்பிடுங்க. அடுத்த வீடியோல பார்க்கலாம்!