கராம்பு தொடாத இடம்

பாரிசவாதத்துக்கு உயர் இரத்த அழுத்தமே முதற்காரணம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் ஒரே அளவு அழுத்தமுள்ள இருவரில் ஒருவருக்கு ஐம்பது வயதில் கையும் காலும் விழ, மற்றவர் எண்பதிலும் நடமாடுவது ஏன்? அதற்கு அழுத்தமானியிடம் முழு விடை இல்லை. விடையின் ஒரு பகுதி அழற்சியில் இருக்கிறது. அந்த அழற்சி மூளைக்கு வெகு தொலைவில், ஆண்டுக்கணக்காக, யாரும் நோயென்று எண்ணாத ஓரிடத்திலும் புகைந்துகொண்டிருக்கலாம். மாத்தளையில் பல்வலி வந்தால் கை முதலில் தேடுவது கராம்பைத்தான். அது விளையும் மண் இது. கராம்பிலுள்ள யூஜினோல் வலியை மரக்கச் செய்யும். வலி போனதும் பல்லை மறந்துவிடுகிறோம். முரசுக்குள் கிருமிக்கும் குருதியின் வெள்ளணுக்களுக்கும் நடக்கும் சண்டையோ ஓய்வதில்லை.

முரசு நோயைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பங்கு மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாயிலிருந்து வந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970இல் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதிக்கத் தொடங்கி, பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியரோ இல்லாதவர்கள் என்பதால்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நியாயம் இன்று நெருடுகிறது, அது வேறு விடயம். 1986இல் வெளிவந்த முடிவு வியப்பானது. எல்லார் பல்லிலும் ஒரே அழுக்கு, ஒரே லய வாழ்க்கை. இருந்தும் 8 சதவீதத்தினருக்கு முரசு வேகமாக அழிந்தது, 81 சதவீதத்தினருக்கு மெல்ல அழிந்தது, 11 சதவீதத்தினருக்கு முரசின் மேற்பரப்பில் அழற்சி இருந்தும் நோய் அதற்கு மேல் முற்றவேயில்லை. கிருமி மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை, கிருமிக்கு உடல் எப்படிப் பதிலளிக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

குருதிக்குழாயிலும் இதே கதைதான். சுவரில் படியும் கொழுப்பை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கியவை அங்கேயே வீங்கிக் கிடந்து, படிவின் மேல்மூடியை அரிக்கும் நொதியங்களைச் சுரக்கின்றன. மூடி கிழிந்த இடத்தில் குருதி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். உடலில் வேறெங்கோ புகையும் அழற்சியும் இந்த அரிப்பைத் தூண்டக்கூடும். 2019இல் பின்லாந்தில், பாரிசவாத நோயாளரின் மூளைக்குழாய்களிலிருந்து வெளியே எடுத்த 75 குருதிக்கட்டிகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் நான்கு கட்டிகளில் வாயில் வாழும் கிருமிகளின் மரபணுத் தடயம் இருந்தது.

முரசு கெட்டவர்கள் பெரும்பாலும் புகைப்பவர்கள், வெற்றிலை போடுபவர்கள், ஏழைகள். பாரிசவாதமும் அவர்களையே கூடுதலாகத் தாக்குகிறது. அப்படியிருக்க முரசைக் குற்றஞ்சாட்டுவது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முரசைச் சுத்தம் செய்தால் பாரிசவாதம் குறையும் என்று எந்தச் சோதனையும் இன்னும் நிறுவவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஏழையைச் செல்வரோடு ஒப்பிடாமல், ஒருவரை அவரோடே ஒப்பிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிரித்தானியாவில் 2004இல் வெளியான அந்த ஆய்வின்படி, சுவாசத் தொற்று கண்ட முதல் மூன்று நாட்களில் அதே மனிதருக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட மூன்று மடங்கு. ஏழ்மையும் புகைப்பழக்கமும் மூன்று நாளில் மாறுவதில்லை, மாறியது அழற்சி. இன்புளுவென்சாத் தடுப்பூசிக்குப் பின் அப்படி எந்த உயர்வும் இல்லை.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது: அழற்சிதான் காரணம் என்றால் அதை அடக்கும் மருந்து பலிக்க வேண்டாமா? கொல்சிசின் என்ற பழைய மருந்தை 2024இல் சீனாவில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பாரிசவாத நோயாளரிடம் சோதித்தார்கள். மூன்று மாதத்தில் பயன் தெரியவில்லை. (கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கில் இருக்கும் நஞ்சும் இதே கொல்சிசின்தான். அதை உண்டு இறந்தவர்கள் இந்த நாட்டில் உண்டு. கைமருந்தாக ஒருவரும் நினைத்துப் பார்க்கக்கூடாது.) வெள்ளணுக்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும் ஒரு மருந்து, 2001இல் நோயாளரின் நிலையை மேலும் மோசமாக்கியது. இவை அழற்சிக் கருத்தைப் பொய்யாக்குவதாக எனக்குப் படவில்லை. தாக்க வரும் அணுக்களே சில நாளில் இறந்த திசுவை அகற்றிக் காயத்தை ஆற்றவும் செய்கின்றன. எந்நேரம் எதை அடக்குவது என்பதுதான் சிக்கல்.

அதுமட்டுமல்ல, அடிபட்ட மூளை உடலின் நிர்ப்பீடனத்தையே தணித்துவிடுகிறது. பாரிசவாதம் வந்த முதல் வாரத்தில் நியுமோனியா பலரைப் பிடிப்பதற்கு இது ஒரு காரணம், விழுங்கும் தசை செயலிழப்பது இன்னொன்று. முன்கூட்டியே நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டுச் சோதனைகள் நோயாளரை மீட்கவில்லை. ஆனால் 2011இல் அவுஸ்திரேலியாவில் தாதியர் காய்ச்சலையும் சீனியின் அளவையும் விழுங்கும் திறனையும் ஒழுங்காகக் கவனித்த பிரிவுகளில், மூன்று மாதத்துக்குள் இறந்தவர்களும் பிறர் தயவில் வாழும் நிலைக்கு ஆளானவர்களும் 42 சதவீதம். மற்றப் பிரிவுகளில் 58. இரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ ஒருவர் வாய் கோணி விழுந்தால், அவசரத்தில் வாயில் ஊற்றும் தேத்தண்ணீரும் கசாயமும் நேரே நுரையீரலுக்குப் போகலாம். 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் வரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்திருங்கள். வைத்தியசாலையில் விழுங்கும் சோதனை முடிந்த பிறகு கஞ்சி கொடுக்கலாம்.