அந்த ஒன்பது நிமிடங்கள் யாருடையவை?

உலகின் மிகப் பிரபலமான ஆர்கன் இசையை எழுதியவர் பாக்தானா? அறிஞர்களிடையே ஓயாத சர்ச்சை.

பாழடைந்த மாளிகை. மெழுகுவர்த்தி வெளிச்சம். கறுப்பு அங்கி அணிந்த ஒருவர் ஆர்கன் முன் உட்கார்ந்து விரல்களை வைக்கிறார். அடுத்து என்ன இசை வரும் என்பது சினிமா ரசிகர்களுக்கு அத்துப்படி. 1931ல் வந்த டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட் படத்தில் பெயர்கள் ஓடும்போது ஒலித்தது அதுதான். 1940ல் டிஸ்னியின் ஃபான்டாசியா தொடங்கியதும் அதில்தான். ஜோஹான் செபாஸ்டியன் பாக்கின் டி மைனர் டொக்காட்டா அண்ட் ஃபியூக்.

பாக்கினுடையதா? சிக்கலே அங்குதான்.

இத்தாலிய மொழியில் 'டொக்காரே' என்றால் தொடுவது. 16ம் நூற்றாண்டு இத்தாலியில் ஆர்கன் கலைஞர்கள் கட்டைகளின் மேல் விரல்களை ஓடவிட்டு, வாத்தியத்தைச் சோதித்து, கேட்பவரின் காதைத் தயார் செய்வார்கள். கணநேரக் கற்பனையில் பிறந்த அந்த வாசிப்பு காகிதத்துக்கு வந்தபோது டொக்காட்டா ஆயிற்று. ரோமில் புனித பீட்டர் ஆலயத்தின் ஆர்கன் கலைஞராக இருந்த ஜிரோலாமோ ஃப்ரெஸ்கோபால்டி 1615ல் ஒரு டொக்காட்டா தொகுப்பை வெளியிட்டார். முன்னுரையில் அவர் தரும் யோசனை வியப்பானது: தாளத்துக்குக் கட்டுப்பட வேண்டாம், விரும்பிய இடத்தில் முடித்துக்கொள்ளலாம். நம் வீணைக் கலைஞர்களின் தானம் கேட்டவர்களுக்கு இந்தச் சுதந்திரம் அந்நியமாகப் படாது.

ஃப்ரெஸ்கோபால்டியின் மாணவர் ஃப்ரோபெர்கர் இந்தக் கலையை வியன்னாவுக்குக் கொண்டுசென்றார். வடக்கே லூபெக் நகரில் பக்ஸ்டஹூடே அதற்குப் பிரம்மாண்டம் சேர்த்தார். கட்டற்ற பாய்ச்சல் ஒரு பகுதி. ஒரே மெட்டைக் குரல் மாற்றிக் குரல் துரத்தும் ஃபியூக் அடுத்த பகுதி. அவரைக் கேட்க 1705ல் ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து சுமார் 400 கி.மீ. நடந்தே போனார் 20 வயது பாக். வாங்கிய விடுப்பு நான்கு வாரம். திரும்பியது சுமார் நான்கு மாதம் கழித்து. தேவாலய நிர்வாகம் விளக்கம் கேட்டது.

டி மைனர் டொக்காட்டாவிலும் இந்த வடக்குப் பாணியின் சாயல் இருக்கிறது. ஆனால் பாக் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை. இருப்பதில் பழையது, 1717ல் பிறந்த ஜோஹன்னஸ் ரிங்க் எடுத்த நகல். அது அச்சேறியது 1833ல், பாக் இறந்து 83 ஆண்டுகளுக்குப் பிறகு.

1981ல் பிரிட்டிஷ் இசை ஆய்வாளர் பீட்டர் வில்லியம்ஸ் குண்டைப் போட்டார். தொடக்கத்தில் இரு கைகளும் ஒரே ஸ்வரங்களை ஸ்தாயி இடைவெளியில் வாசிக்கின்றன. பாக்கின் வேறு ஆர்கன் படைப்புகளில் இப்படி இல்லை. ஃபியூக்கின் நடுவே பெடல் மட்டும் தனியாக மெட்டை எடுக்கிறது. அந்த மெட்டோ வயலின் தந்திகளில் சுலபமாக அமர்கிறது. எனவே இது ஒரு வயலின் படைப்பின் மறுவடிவமாக இருக்கலாம். மூலத்தை எழுதியவர் பாக்காக இல்லாமலும் இருக்கலாம் என்றார். 1995ல் ரோல்ஃப் டீட்ரிஹ் கிளாஸ் ஒரு புத்தகமே எழுதி, இது பாக்கினுடையது அல்ல என்று வாதிட்டார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த கிறிஸ்டோஃப் வோல்ஃப் இதை ஏற்கவில்லை. இது இளம் பாக்கின் துணிச்சல் என்பது அவர் கட்சி. கைக்கட்டைகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் குழாய் வரிசை ஆர்ன்ஸ்டாட் ஆர்கனில் இல்லை; அந்தக் கனத்தை ஈடுகட்டவே ஸ்தாயி இரட்டிப்பு என்கிறார்.

உண்மையில் இந்தச் சண்டைக்கு வழிவிட்டது டொக்காட்டா என்ற வடிவமேதான். ஃபியூக்குக்கு இலக்கணம் உண்டு, பிழையைச் சுட்டலாம். டொக்காட்டாவிலோ மீறல்தான் மரபு. விதியை மீறியிருப்பதால் இது பாக்கினுடையது அல்ல என்பதா, அல்லது மீறியதால்தான் இது நல்ல டொக்காட்டா என்பதா?

ஒரு தகவலை மட்டும் அவர் மகன் கார்ல் பிலிப் இமானுவல் விட்டுச் சென்றிருக்கிறார். புதிய ஆர்கனைப் பரிசோதிக்கும்போது பாக் முதலில் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு முழு ஒலியில் வாசிப்பார். இதன் நுரையீரல் எப்படி என்று பார்க்க வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். டி மைனர் டொக்காட்டாவின் முதல் வரிகளிலும் அதுதான் நடக்கிறது. பெடலில் ஒரு ஸ்வரம் நிற்க, அதன் மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக ஏறி, ஆர்கன் தன் மூச்சு முழுவதையும் காட்டுகிறது.

இது சாட்சியம் ஆகாதுதான். ஆனால் பாக் படைப்புகளின் பட்டியலில் 565 என்ற எண்ணுடன் அது இன்னும் இருக்கிறது. பெயரை யார் எடுத்துவிட்டாலும், புது ஆர்கன் முன் உட்காரும் கலைஞரின் விரல்கள் அதை நோக்கித்தான் போகும்.