வாவியில் மீன்பிடிக்க நாளும் நேரமும் குறித்தல்

மட்டக்களப்பு மாவட்டத்தில் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் கமக்காரரிற் பலர், வயலில் வேலை குறைந்த காலங்களில் வாவியை நாடுவது வழக்கம். சிலர் வீட்டுக் கறிக்காக வீச்சுவலையுடன் செல்வர். சிலர் தோணியும் வலையும் வைத்திருந்து சந்தைக்கும் மீன் கொடுப்பர். மீன்பிடியையே சீவனமாகக் கொண்டோர் வற்றும் பெருக்கும், பிறையும் காற்றும் பார்த்துத் தொழிலுக்குப் போவர். கமக்காரரோ தமக்கு வேலை ஓய்ந்த நாளைப் பார்த்துப் போகின்றனர். அவர் வெறுங்கையுடன் திரும்புவதற்கு இதுவே முதற் காரணம். இரவு முழுதும் விழித்திருந்து அரைக் கூடை மீனுமின்றி வந்தவர், மறுநாள் வரம்பு கட்டவோ மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கவோ இயலாது சோர்ந்து கிடப்பார். ஆகவே நட்டம் இரட்டிப்பாகின்றது. அன்றியும், கமக்காரர் ஓய்ந்திருக்கும் மாதங்களிற் சில, காற்றும் கடலும் மிகக் கொடியனவாயிருக்கும் மாதங்களாகும். அம்மாதங்களில் நட்டமடைவது உயிராகவும் இருக்கலாம்.

நாள் குறிப்பதற்குப் பெரிய கல்வியொன்றும் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பஞ்சாங்கமும், கோடு கீறிய ஒரு கம்பும், நாடோறும் வெளியாகும் வானிலை அறிக்கையும் போதுமானவை.

வற்றும் பெருக்கும்

சந்திரனின் ஈர்ப்பினாலும், அதனிற் குறைந்த அளவிற் சூரியனின் ஈர்ப்பினாலும், நம் கரையிற் கடல்நீர் நாளொன்றுக்கு ஏறக்குறைய இருமுறை பெருகி இருமுறை வற்றுகின்றது. ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் செல்லும். ஆதலால் இன்று காலை 8 மணிக்குப் பெருகி நின்ற நீர், நாளைக் காலை 8 மணி 50 நிமிடமளவிலேயே அந்நிலையை அடையும். அமாவாசையிலும் பூரணையிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால், அந்நாட்களிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாட்களிலும் பெருக்கு மிக உயர்ந்தும் வற்று மிகத் தாழ்ந்தும் காணப்படும். வளர்பிறை அட்டமியிலும் தேய்பிறை அட்டமியிலும் அவை ஒன்றுக்கொன்று குறுக்காக நின்று இழுப்பதால் வேறுபாடு சிறிதாகும்.

இலங்கையைச் சூழ்ந்த கடலில் மிகப் பெரிய பெருக்குக்கும் வற்றுக்கும் இடைப்பட்ட உயரம் ஒரு மீற்றரையும் எட்டுவதில்லை. குசராத்திலுள்ள கம்பாத் குடாவில் இது பத்து மீற்றரளவாகும். அதனால், நம் கரையில் இதனைக் கருதவேண்டியதில்லை என எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் தவறானது. மீனையும் இறாலையும் கொண்டுவருவதும் கொண்டுபோவதும் நீரின் ஓட்டமாகும். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவியின் நீர், பாலமீன்மடு முகத்துவாரம் போன்ற ஒடுங்கிய வாயினூடாக ஏறி இறங்கும்போது, உயரத்திற் சிறிய வேறுபாடும் விரைந்த ஓட்டத்தை உண்டாக்கிவிடும்.

உங்கள் ஊர்த் துறையிற் பெருக்கு எந்நேரத்தில் நிகழ்கின்றது என்பதை ஒருமுறை அறிந்துகொண்டால், பின்னர் எந்த நாளுக்கும் நீங்களே கணித்துக்கொள்ளலாம். இதற்கு, நேரான கம்பொன்றில் விரலகலத்துக்கு ஒரு கோடாகக் கீறி, அமாவாசையன்று காலையில் அலையடிக்காத மறைவான இடத்தில் நட்டு, அரை மணிக்கொருமுறை நீர்மட்டத்தைப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். நீர் ஏறி நின்று இறங்கத் தொடங்கும் நேரமே அத்துறையின் அமாவாசைப் பெருக்கு நேரமாகும். பிள்ளைகள் இவ்வேலையை ஆர்வத்துடன் செய்வர். அமாவாசைக்குப் பிற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 50 நிமிடத்தைக் கூட்டுக. எடுத்துக்காட்டாக, அமாவாசையன்று பிற்பகல் 3 மணிக்குப் பெருக்கு நிகழுமாயின், நான்காம் நாளாகிய சதுர்த்தியன்று 200 நிமிடம், அஃதாவது 3 மணி 20 நிமிடம் பிந்தி, மாலை 6 மணி 20 நிமிடமளவிற் பெருக்கு நிகழும். அதிலிருந்து ஆறு மணிக்குச் சற்றுக் கூடிய நேரம் சென்றபின் வற்று முடிவுறும். (இங்கு கூறிய 3 மணி கணக்குக்காகக் கொண்டதேயன்றி எவ்வூரின் நேரமுமன்று.) பூரணையிலிருந்து எண்ணுவோரும் ஏறத்தாழ அதே நேரத்தையே தொடக்கமாகக் கொள்ளலாம். அமாவாசை, பூரணையை அண்டிய நாட்களில் நாளுக்கு நாள் பிந்துவது 50 நிமிடத்திற் சிறிது குறைவாயும், அட்டமியை அண்டிய நாட்களிற் கூடுதலாயும் இருக்கும். எனவே அரை மணி முந்தியே துறைக்குச் செல்லுதல் நன்று.

இக்கணக்கை வாவி முழுவதற்கும் ஒன்றாகப் பயன்படுத்தலாகாது. முகத்துவாரத்திலிருந்து உள்ளே செல்லச் செல்லப் பெருக்கு நேரம் பிந்தும். உயரமும் குறைந்து கொண்டேபோகும். வெகு தொலைவிலுள்ள ஊர்களில் நீர்மட்டத்தை ஆள்வன காற்றும் மழையுமேயாகும். மேலும், வரண்ட மாதங்களில் மணற்றிட்டு வளர்ந்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். வாய் அடைபட்டிருக்கும்போது வாவியில் வற்றுப்பெருக்கு இல்லை. அக்காலத்திற் பஞ்சாங்கத்தைக் கொண்டு நீரோட்டத்தைக் கணித்தல் வீணாகும்.

வாய் திறந்திருக்கும் காலத்தில், நீர் ஏறும்போது மடவையும் கொடுவாவும் கண்டல் மரங்களின் வேரடிக்கும் சிற்றோடைகளுக்கும் இரைதேடி வரும். நீர் இறங்கத் தொடங்கியதும் அவை ஓடைவாய் வழியே மீளும். வீச்சுவலைக்காரர் ஓடைவாயிற் காத்திருக்க வேண்டிய நேரம், வற்றின் முதற் பாதியாகும். நீர் முற்றாக நின்றுவிட்ட வேளையில் வலைவீசுவோர் கைகளுக்கே வேலை கொடுக்கின்றனர். வளர்ந்த இறால் கடலை நோக்கிச் செல்வது பெரும்பாலும் இரவு வற்றிலேயாகும். நீர்கொழும்புக் களப்பில், கடலோடு சேரும் வாய்க்காலிலே கட்டுவலைகளை இரவு வற்றுக்கு எதிராகக் கட்டி இறால் பிடிக்கின்றனர். நல்ல இடங்கள் சிலவேயாதலின், யார் எவ்விடத்தில் எந்நாளிற் கட்டுவது என்பதைத் திருவுளச்சீட்டினால் முடிவுசெய்வது அங்கு நெடுங்கால வழக்கம். வாய்க்காற் பங்குக்காக வழக்காடும் கமக்காரர் அறிந்துகொள்ளத்தக்க ஏற்பாடு அது.

கமக்காரருக்கேற்ற இரவுகள்

நிலவொளியில் மீன் வலையைக் கண்டு விலகும். கூட்டமாகத் திரியும் மீனும் பரந்துவிடும். ஆகவே நீரில் நிறுத்திவைக்கும் வலைகளுக்கு இருள் வேண்டும். பூரணை இரவு, கல்லடிப் பாலத்தடியிற் பாடுமீனின் ஓசையைக் கேட்கப் போவோருக்கு உகந்தது; வலைக்காரருக்கு உகந்ததன்று.

இதனைப் பலரும் அறிவர். இருளின் அளவு இருபிறைகளிலும் ஒன்றேயாயினும், அது இரவின் எப்பகுதியில் அமைகின்றது என்பதைக் கமக்காரர் பொதுவாகக் கவனிப்பதில்லை. வளர்பிறையில் மாலையில் நிலவு நிற்கும். அட்டமியன்று நள்ளிரவளவில் மறையும். அதன் பின்னரே இருள். அத்தகைய நாளில் வலைவிடுபவர் விடியும்வரை உறங்க முடியாது. தேய்பிறையிலோ மாலை இருண்டிருக்கும். நிலவு நாடோறும் 50 நிமிடமளவு பிந்தி எழும். பூரணையன்று ஆறு மணிக்குச் சற்றுப் பின் எழும் நிலவு, தேய்பிறைப் பஞ்சமியன்று இரவு பத்தரை மணியளவிலும், அட்டமியன்று நள்ளிரவை அண்டியும் எழும். ஆகவே பஞ்சமியன்று மாலை ஆறரை மணிக்கு வலையை விட்டு, பத்து மணிக்கு எடுத்து, வீடு சென்று உறங்கி, விடியலில் வயலுக்குப் போகலாம். தேய்பிறைச் சதுர்த்தி முதல் அமாவாசை வரையுள்ள ஏறக்குறைய பன்னிரண்டு இரவுகளே உழவுத்தொழிலுடையோருக்கு ஏற்றவை என்பது எமது கருத்து. அவற்றுள், முன்னிரவில் வற்றும் நிகழும் இரவுகளை மேற்கூறிய கணக்கினால் தெரிந்துகொண்டால், பதினைந்து நாளுக்கு மூன்று நான்கு இரவுகள் மட்டுமே மிஞ்சும். அந்த மூன்று நான்கிற் போய், ஏனையவற்றில் உறங்குதல் இலாபகரமானது.

பூரணை நண்டில் தசை குறைவு, அமாவாசை நண்டே நல்லது எனவும் சொல்வர். நண்டு ஓடு கழற்றிய புதிதில் தசை குறைந்திருப்பது உண்மை. வாங்குவோர் நாளைப் பார்ப்பதிலும் நண்டைக் கையிலெடுத்து நிறை பார்ப்பது மேல்.

இருளிற் செல்வோர் அத்தாங்குடனோ கரப்புடனோ கண்டற் கரையோரமாக நீரில் நடப்பதைத் தவிர்த்தல் வேண்டும். வாவியில் முதலைகள் உள.

காற்றும் மாதமும்

பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனி தொடக்கம் சித்திரை வரை கிழக்குக் கரையில் நீர் அமைதியாயிருக்கும். புதியவர் தொழில் பழகவேண்டிய காலம் இதுவே. ஆயினும் பங்குனி, சித்திரைப் பிற்பகல்களில் இடிமுகில் திரளும். திறந்த தோணியில் நிற்பவரே நீர்ப்பரப்பில் உயர்ந்த பொருளாவார். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடைப்பட்ட விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீற்றர் தொலைவில் விழுந்தது என்பது தெரியும். முப்பது விநாடிக்கு உட்படின் கரைசேர வேண்டும். கரைசேர்ந்தபின் தனிமரத்தின் கீழ் நிற்றலாகாது. வயலில் நிற்போருக்கும் இவ்விதி பொருந்தும்.

ஆனி, ஆடியிற் கச்சான் வீசும். மலைநாட்டைக் கடந்து வரண்டுவரும் இம்மேல்காற்று முற்பகலில் எழுந்து பிற்பகலில் வலுக்கும். வாவி வடக்குத் தெற்காக நீண்டிருப்பதால் குறுக்கே செல்லும் சிறுதோணிகளைப் பக்க அலை தாக்கும். விடியலிற் சென்று வெயிலேறுமுன் மீள்வதே முறை. கச்சானில் மறைந்திருக்கும் வேறோர் ஆபத்தும் உண்டு. அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரையோரக் கடல் குளம் போல் அடங்கித் தோன்றும். அவ்வமைதியை நம்பி வெளிக்கடலுக்குச் சென்ற வள்ளத்தின் இயந்திரம் நின்றுவிடின், காற்று அதனை மேலும் மேலும் ஆழ்கடலுக்கே தள்ளும். நங்கூரமும் நீண்ட கயிறும் துடுப்பும் இன்றிக் கச்சானிற் கடலுக்குப் போகலாகாது. எக்காலத்திலும், நீர்ப்பரப்பில் எங்கும் வெள்ளை நுரைமுடிகள் காணப்படுமாயின் காற்று மணிக்கு 30 கிலோமீற்றரை எட்டிவிட்டதெனக் கொண்டு சிறுதோணியை இறக்காதிருத்தல் வேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை

மிகுந்த எச்சரிக்கைக்குரிய காலம் இதுவாகும். முன்மாரி விதைப்பு முடிந்து கைப்பணம் கரைந்திருக்கும். பயிர் வளரும்வரை வட்டையிற் காவலைத் தவிரப் பெரிய வேலை இராது. அதேவேளை மழைவெள்ளத்தால் வாவி நிறைந்து, தாழ்ந்த வயல்கள் மூழ்குமெனக் கண்டு, அதிகாரிகளின் அனுமதியுடன் முகத்துவாரம் வெட்டப்படும். நீர் பாய்ந்து வெளியேற, இறாலும் மீனும் அதனுடன் செல்லும். அவ்வேளையில் முகத்துவாரத்துக்குத் தோணியுடன் ஓடும் ஆசை எழுவது இயல்பே. புதிதாக வெட்டிய வாயில் நீர் கரையை அரித்து நாழிகைக்கு நாழிகை அகலும். உள்ளிருந்து பாயும் வெள்ளமும் வெளியிலிருந்து வரும் வாடையலையும் மோதும் இடத்தில் அனுபவமிக்கோரும் தோணியை நிலைநிறுத்த முடியாது. கமக்காரர் அங்கு செல்லலாகாது. இறால் வேண்டுமாயின் உள்வாவியில், கரையோரமாக, பகல் வெளிச்சத்திற் பிடித்தல் போதும்.

வங்காள விரிகுடாவிலிருந்து நம் கரையைத் தாக்கும் சூறாவளிகளிற் பெரும்பாலானவை கார்த்திகை, மார்கழியிலேயே வந்துள்ளன. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வடபகுதியையும், 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பையும் தாக்கியவை இவ்வகையின. இவற்றுக்கும் பிறைக்கும் தொடர்பில்லை. பஞ்சாங்கம் இங்கு உதவாது. காற்றில்லாத நாளிலும் நீண்ட பேரலைகள் கரையை அடித்தல், காற்று வடக்கிலிருந்து ஒரே சீராக வலுத்தல் ஆகியன குறிகளாம். காற்றை எதிர்நோக்கி நின்றால் சூறாவளியின் மையம் ஏறக்குறைய வலக்கைப் பக்கத்தில் இருக்கும். வட காற்று வலுக்கின்றதெனின் மையம் கிழக்கே கடலில் உள்ளதென உணர்க. கடுங்காற்று திடீரென ஓய்ந்தால் மையம் தலைக்குமேல் நிற்கின்றது. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். அந்த இடைவேளையில் தோணியைக் கட்டவோ வலையைத் தேடவோ போகலாகாது. இக்குறிகள் தோன்றுமுன்பே வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை வந்துவிடும். அதனை வானொலியிலோ கைத்தொலைபேசியிலோ கேட்டறியலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்திலும் விசாரிக்கலாம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி பூரணை நாளாயிருந்தமையால், கடற்கோள் பூரணைப் பெருக்கின் விளைவென இன்றும் சிலர் கூறுவர். அது சுமாத்திராவுக்கு அண்மையிற் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் விளைவாகும். ஆயினும், தன் துறையின் வற்று நேரத்தை அறிந்தவர்க்கு இங்கு ஒரு பயன் உண்டு. கடற்கோளின்போது பேரலைகளுக்கு முன்போ இடையிலோ கடல் நெடுந்தூரம் பின்வாங்குவதுண்டு. வற்றுக்குரிய நேரமல்லாத நேரத்திற் கடல் உள்வாங்கக் காண்பவர், தரையிற் கிடக்கும் மீனைப் பொறுக்க நில்லாது மேட்டுநிலத்துக்கு விரைய வேண்டும்.

வயலில் மருந்து தெளிப்போர்க்கு ஒரு வேண்டுகோள். இறாலும் நண்டும் பூச்சியினத்துக்கு உறவானவை. பூச்சியைக் கொல்லும் மருந்து அவற்றையும் கொல்லும். தெளிகருவியை வடிச்சல் வாய்க்காலிற் கழுவுவதும், மழை வருமுன் தெளிப்பதும், தெளித்த கையோடு வயல்நீரை வடிப்பதும் வாவியின் இறாற் குஞ்சுகளை அழிக்கும். கழுவிய நீரை வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் எட்டாத வெறுந்தரையில் ஊற்றுக.

சந்தைக்கு மீன்பிடிப்போர் தோணியைப் பதிவுசெய்து, மீன்பிடித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். தங்கூசி வலை சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. மலிவாகக் கிடைப்பினும் அதனை வாங்கற்க.