வாய் அசைந்தால் காது திறக்கும்

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ். குன்னூர் தாண்டியதும் ஆளாளுக்குக் காதைக் குடையத் தொடங்குகிறார்கள். பின்சீட்டில் ஒரு கைக்குழந்தை வீறிடுகிறது. "கொழந்தைக்குப் பால் குடு கண்ணு, காது அடைச்சிருக்கும்" என்கிறார் பக்கத்தில் இருந்த பாட்டி. குழந்தை நாலு மிடறு விழுங்குகிறது, அழுகை நிற்கிறது. அடைத்தது காது, வைத்தியம் வாய்க்கு!

பாட்டி சொன்னது அப்பழுக்கில்லாத உடற்கூறியல். செவிப்பறைக்குப் பின்னால் ஒரு குட்டி அறை இருக்கிறது. உயரம் சுமார் 15 மில்லிமீட்டர். அகலமோ நடுவில் 2 மில்லிமீட்டர்தான். இதுதான் நடுச்செவி. உள்ளே நிறைந்திருப்பது காற்று. அந்தக் காற்று வந்துபோக, மூக்கின் பின்புறத் தொண்டையிலிருந்து சுமார் 36 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு குழல் வருகிறது. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவர் யூஸ்டாக்கியின் பெயரால் அது யூஸ்டேஷியன் குழல். வழக்கமாக மூடியே கிடக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் தசைகள் இழுக்க, ஒரு நொடி திறக்கும்.

மலையிறங்கும்போது வெளியே காற்றழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. அறைக்குள் இருப்பதோ ஊட்டியில் புகுந்த காற்று. வெளியழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளுகிறது. காது 'கும்'மென்று அடைக்கிறது. எச்சில் விழுங்கினால் குழல் திறந்து, 'டப்'பென்று சரியாகிறது.

ஆணியும் தலையும்

காதுக்குள் காற்றறை எதற்கு? உள்செவி முழுக்கத் திரவம். கிணற்றில் முங்கியவருக்குக் கரையில் நின்று கூப்பிடுவது கேட்காது. காற்றில் வரும் ஒலி நீரில் பட்டால், 1000 பங்கில் 1 பங்குதான் உள்ளே இறங்கும், மிச்சம் திரும்பிவிடும். இந்த நஷ்டத்தை ஈடுகட்டுவதே நடுச்செவியின் வேலை.

அங்கே மூன்று எலும்புகள் கோத்து நிற்கின்றன: சுத்தி, பட்டடை, அங்கவடி. குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம் போன்ற அங்கவடிதான் உடலிலேயே சிறிய எலும்பு. எடை சுமார் 3 மில்லிகிராம். ஆணியின் அகன்ற தலையில் விழும் அடி கூர்முனையில் குவிவதுபோல, செவிப்பறையின் சுமார் 55 சதுர மில்லிமீட்டர் பரப்பில் விழும் அதிர்வு, அங்கவடியின் 3.2 சதுர மில்லிமீட்டர் அடித்தட்டில் குவிகிறது. அழுத்தம் 17 மடங்கு! சுத்தியும் பட்டடையும் நெம்புகோலாக இன்னும் 1.3 மடங்கு கூட்ட, மொத்தம் 22 மடங்கு.

பெருஞ்சத்தம் கேட்டால் ஒரு நுண்தசை அங்கவடியை இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். ஆனால் அதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை கழிந்துவிடலாம். தீபாவளி அணுகுண்டின் ஒற்றை வெடிக்கு அது தாமதம். காவல்காரர் விழிப்பதற்குள் திருடன் உள்ளே வந்துவிடுவான்.

கேட்காத பிள்ளை

குழந்தைகளுக்கு இந்தக் குழல் குட்டை. ஏறக்குறையப் படுக்கைவாக்கில் இருக்கும். சளி பிடித்தால் கிருமி சுலபமாக ஏறிவிடும். குழல் அடைபட்டால் அறையில் காற்றுக்குப் பதில் நீர் கோத்துக்கொள்ளும்; எலும்புகளின் அசைவு மட்டுப்படும். வலியே இல்லாமல்கூட இது நடக்கலாம். டி.வி. சத்தத்தைக் கூட்டும் பிள்ளையை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை, "காது கேக்கலையா?" என்று அதட்டுமுன் காது டாக்டரிடம் காட்டுங்கள். நிஜமாகவே கேட்காமல் இருக்கலாம். காதில் சீழ் வடிந்தால் காய்ச்சிய எண்ணெய் வேண்டவே வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே இந்த அறைக்குள் இறங்கும்.

வாய்க்கும் காதுக்கும் உறவு இந்தக் குழலோடு முடியவில்லை. ஊர்வனவற்றின் தாடை மூட்டில் உள்ள இரண்டு எலும்புகளே பாலூட்டிகளின் காதில் சுத்தியும் பட்டடையுமாக ஆகியிருக்கின்றன என்று ஜெர்மானிய உடற்கூறியலாளர் ரைகெர்ட் 1837-இல் கருவளர்ச்சியை ஆராய்ந்து காட்டினார். பின்னாளில் கிடைத்த புதைபடிவங்களும் அதையே சொல்லின.

சுவரில் பல்லி சத்தமிட்டால் எந்தத் திசை, என்ன பலன் என்று காதைத் தீட்டுகிறோமே! அது எந்த எலும்புகளை அசைத்துப் பூச்சியைக் கவ்வுகிறதோ, அவற்றின் பங்காளிகளைக் கொண்டுதான் பல்லி சொல்வதை நாம் கேட்கிறோம்.