ஊர்க் கழிவுநீர் – 9: கொள்ளளவு சுழியம்

நாட்டின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை எண்ணிப் பார்த்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு இரண்டு எண்கள் உண்டு. நாள்தோறும் உருவாகும் நகரக் கழிவுநீர் 2.3 கோடி லிட்டர். அதைச் சுத்திகரிக்க நிறுவியிருந்த கொள்ளளவு 0. லட்சத்தீவுக்கும் நாகாலாந்துக்கும் எதிரே இருந்ததும் இதே சுழியம்தான்.

தீவுகளில் நகராட்சி ஒன்றே ஒன்று, போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது, சாக்கடை மாறவில்லை. 2011 கணக்கெடுப்பில் அங்கே ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். அபர்தீன் பஜார், ஹாடோ, ஜங்லிகாட் என்று தமிழ் காதில் விழாத தெரு குறைவு. நம் ஊர்க்காரர்கள் அங்கே கட்டிய வீடுகளிலும் நம்மூரைப் போலவே செப்டிக் டேங்க்தான்.

செப்டிக் டேங்கை முழு வைத்தியம் என்று நம்புகிறோம். அது முதலுதவி மட்டுமே. திடப்பொருள் அடியில் தங்கும், கொஞ்சம் மட்கும், மேலே தெளிந்தாற்போல் நீர் வழியும். அந்த நீரில் கிருமிகள் இருக்கும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே அதை உறிஞ்சுகுழிக்கு அனுப்பி மண்ணில் வடியவிட வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் மேடுபள்ளமான ஊரில், மழைக்காலத்து மண் ஏற்கெனவே நனைந்து கிடக்கிறது. இன்னும் எதைக் குடிக்கும்? குழிக்குச் செலவழிக்க இடமோ மனமோ இல்லாதவர்கள் தொட்டியின் வாயைத் தெருக் கால்வாயில் திறந்துவிடுகிறார்கள். சரிவில் இறங்கும் கால்வாய்க்குக் கடல்தான் முடிவு.

சாதாரணக் கடல் அல்ல. ஊரின் தென்மேற்கே வண்டூரில், 1983ல் அமைந்த கடல் தேசியப் பூங்காவில் பவளப் பாறைகளைப் பார்க்கத்தான் சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்து வருகிறார்கள். பவளம் ஊட்டம் குறைந்த தெளிந்த நீரில் வளர்வது. நைட்ரஜன் கூடினால் பாசி முந்திக்கொண்டு இடத்தைப் பிடிக்கும்.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறொரு கணக்கு. இதே ஊர் தண்ணீருக்கு 1973ல் கட்டிய தனிக்காரி அணையை நம்பியிருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு; சில கோடைகளில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். அப்படிக் காத்திருந்து பிடித்த தண்ணீரை ஒரே ஒரு தடவை புழங்கிவிட்டுக் கடலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கழிப்பறைக்கும் கட்டட வேலைக்கும் தோட்டத்துக்கும் சுத்திகரித்த நீர் போதுமே!

பாதாளச் சாக்கடைத் திட்டம்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். குன்றுக்குக் குன்று தாழ்வில் சேரும் கழிவை மேலேற்ற அங்கங்கே பம்பு வேண்டும். பம்புக்கு மின்சாரம் வேண்டும். தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி கப்பலில் வரும் டீசலில் பிறக்கிறது. தாழ்வான கரைக்கு இன்னொரு சிக்கல். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் அதன்பின் கடல்நீர் நின்றது. அங்கே குழாய் பதிப்பது கடலோடு சண்டை.

என் கட்சி சிறிய நிலையங்களின் பக்கம். சரிவுக்கு ஒன்றாக, அந்தந்தக் கால்வாய் கடலைத் தொடுமுன் ஒன்று. ஹோட்டல்களுக்கு அவரவர் வளாகத்திலேயே. தொட்டிகளிலிருந்து லாரி உறிஞ்சிவரும் கசடுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அதற்கு நம்மிடமே முன்னோடி உண்டு: மதுராந்தகம் அருகே கருங்குழியில் 2017ல் தொடங்கிய, தமிழ்நாட்டின் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம். அங்கே கசடைப் படுகைகளில் பரப்பிக் காயவைக்கிறார்கள்.

ஆனால் கருங்குழி வெயில் அந்தமானில் கிடையாது. மே முதல் டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் நனைக்கும் ஊரில், கூரை போட்டாலும் ஈரக்காற்றில் கசடு எத்தனை நாளில் உலரும்? அதற்கேற்பப் படுகையின் பரப்பு கூடும். பரப்பு கூடினால் நிலம் வேண்டும். ஊரைச் சுற்றியோ காடும் கடலும். கருங்குழிப் படுகைகள் எப்படி இயங்குகின்றன என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பார்க்கலாம்.