இணையப் பக்கமும் சங்கத்தின் சொல்லும்

நம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல இன்று இணையத்தளம் வழியாகவும் துணி விற்க முற்பட்டுள்ளன. கடைக்கு வருபவர் துணியைத் தொட்டுப் பார்த்து ஐயம் தெளிகிறார். தளத்திற்கு வருபவருக்கோ படமும் நாம் எழுதும் சொல்லுமே ஆதாரம்.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தின் தளத்தில் நிர்வாகக் குழுவின் படங்களும் பாராட்டுரைகளும் நிறைந்திருந்தன. சேலையின் நீளம் எங்குமில்லை. ரவிக்கைத் துணி உண்டென நம்பி வாங்கியோர் சேலையைத் திருப்பி அனுப்பினர். இருவழிப் பார்சல் கூலியும் சங்கக் கணக்கில் ஏறியது. ஆண்டு முடிவில் அது நெசவாளரின் போனசில் அன்றோ குறையும்?

ஆகவே, எழுதுமுன் திட்டமிடுதல் அவசியம். விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை ஒரு வாரம் குறிப்பேட்டில் பதிந்து வருக. அடிக்கடி எழும் கேள்விக்கே பக்கத்தில் முதலிடம் தருக. ‘உயர்ந்த தரம்’ என்பதைவிட, ‘பாவும் ஊடையும் 80-ஆம் நம்பர் பருத்தி நூல், நீளம் ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர், முதல் சலவை தனியாக’ என்பதே பயன் தரும். மஞ்சள் விற்கும் விவசாயச் சங்கமாயின் விளைந்த ஊர், அறுவடை மாதம், நிகர எடை ஆகியவற்றை எழுதுக.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி மொத்த விலை, திருப்பி ஏற்கும் நிபந்தனை, குறைதீர் அலுவலரின் பெயர் ஆகியவற்றைத் தெரிவித்தல் வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்த்தல் வேண்டும்.

விற்றுத் தீர்ந்த சரக்கை உடனே நீக்குக. விசைத்தறித் துணியைக் கைத்தறி என ஒருபோதும் எழுதற்க. ஒரு பொய் வெளிப்படின், உண்மையாய் நெய்த அங்கத்தினர் அனைவரின் துணியும் ஐயத்திற்குள்ளாகும்.